லிங்கனின் 1855 ‘தோல்வி’: அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், ஆபிரகாம் லிங்கன் சந்தித்த தோல்விகளை ஆண்டு வாரியாகப் பட்டியல் போட்டிருந்தீர்கள். இந்தப் பட்டியல் நாள்காட்டித் தாளிலும் பள்ளிச் சுவரிலும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் மேடையிலும் பல காலமாகச் சுற்றி வருவதுதான். அதில் ‘1855: செனட் தேர்தலில் தோல்வி’ என்று ஒரு வரி இருக்கிறது. பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் அந்த வரியை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு மனம் கேட்பதில்லை. தோல்வி என்று லிங்கனே கடிதத்தில் எழுதியிருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று நடந்ததை மூன்று வார்த்தையில் அடக்கும்போது, மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய லிங்கனே அந்த வரியிலிருந்து காணாமல் போய்விடுகிறார்.

அந்தப் பட்டியலைப் படிக்கும் பிள்ளைகள், லிங்கன் மக்களிடம் ஓட்டுக் கேட்டுத் தோற்றார் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். 1913இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 17ஆவது திருத்தம் வரும்வரை செனட்டரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தந்த மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. நம் மாநிலங்களவை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். நம் முறையில் ஒரே வாக்குச்சீட்டில் விருப்ப வரிசையைக் குறித்துவிடுகிறார்கள். லிங்கனின் மாநிலமான இல்லினாய் சட்டமன்றத்தில் அப்படி இல்லை. ஒருவருக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழும்வரை சுற்றுச் சுற்றாக வாக்கெடுப்பு நடக்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில்தான் அணி மாறுதல், பேரம், காதோடு காதாகப் பேச்சு எல்லாம்.

1854இல் செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம், வடக்கே அடிமைமுறைக்கு 1820 முதல் இருந்த தடையை நீக்கியது. அதற்கெதிரான கோபத்தில் இல்லினாய் சட்டமன்றத் தேர்தலில் சட்ட எதிர்ப்பாளர்கள் பெரும்பான்மை பெற்றார்கள். ஆனால் அவர்கள் ஒரே கட்சிக்காரர்கள் இல்லை. லிங்கனைப் போன்ற விக் கட்சியினர் (விக் என்பது அன்று ஜனநாயகக் கட்சிக்கு எதிராக இருந்த கட்சி) பலர், டக்ளஸோடு முரண்பட்ட ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிலர். அந்த ‘சிலர்’தான் பிறகு கதையையே மாற்றினார்கள்.

லிங்கன் இந்தப் பதவியை எவ்வளவு விரும்பினார் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1854 நவம்பரில் அவரே சட்டமன்றத்துக்குத் தேர்வாகியிருந்தார். சட்டமன்றத்துக்குத் தேர்வானவர் செனட்டராக முடியாது என்று மாநில அரசியல் சட்டம் சொன்னதால், பதவி ஏற்காமலே விலகினார். அதற்கு நடந்த இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்காரர் ஜெயித்துவிட்டார். ஒரு ஓட்டு கைவிட்டுப் போனது. அதோடு அவர் சோர்ந்துவிடவில்லை. ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். உறுப்பினர்களின் பெயர்களைத் தன் கையாலேயே வரிசையாக எழுதி, இவர் விக், இவர் ஜனநாயகக் கட்சி, இவர் நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்ப்பவர் என்று பக்கத்திலேயே குறித்தார். அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. இவ்வளவு ஆசைப்பட்டவர் கடைசியில் விட்டுக்கொடுத்தார் என்பதால்தான் அந்த விட்டுக்கொடுத்தலுக்கு எடை.

ஜனவரியில் கொட்டிய பனியில் ரயில்கள் நின்றுபோய், தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு உறுப்பினர்கள் வந்து சேர முடியாமல் தேர்தல் தள்ளிப்போனது. 1855 பிப்ரவரி 8 அன்று இரு அவைகளும் ஒன்றாகக் கூடின. மொத்தம் 100 பேரில் 99 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஜெயிக்க 50 வேண்டும். முதல் சுற்றில் லிங்கனுக்கு 44, பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்கு 41, லைமன் டிரம்புல்லுக்கு 5 என்று லிங்கனே மறுநாள் எழுதிய கடிதத்தில் கணக்குச் சொல்கிறார். மீதி ஓட்டுகள் சிதறின. இதே ஷீல்ட்ஸ்தான் 1842இல் லிங்கனை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்தவர். நண்பர்கள் குறுக்கிட்டதால் அன்று சண்டை நடக்கவில்லை.

அந்த 5 ஓட்டுக்காரர்களைப் பற்றித்தான் நான் மாணவர்களிடம் நின்று நிதானமாகப் பேசுவேன். நார்மன் ஜட், ஜான் பால்மர், பர்ட்டன் குக் உள்ளிட்ட ஐவரும் டக்ளஸின் சட்டத்தை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள். டிரம்புல்லும் அப்படியே. ஜனநாயகக் கட்சி ஓட்டில் ஜெயித்து வந்த நாங்கள் ஒரு விக்கை ஆதரிக்க முடியாது என்பதில் அவர்கள் அசையவில்லை. லிங்கனுக்கு இன்னும் ஆறு ஓட்டுதான் தேவை. அவரது நண்பர்களுக்கு ஆத்திரமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்த ஐவரைத் துரோகிகள் என்று எழுதுவது நியாயம் இல்லை என்பேன். தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு என்ன சொன்னார்களோ அதில் நின்றார்கள், அதையும் ஒளிவு மறைவில்லாமல் சபையிலேயே செய்தார்கள்.

ஒளித்து விளையாடியது வேறொருவர். ஏழாவது சுற்றில் ஜனநாயகக் கட்சியினர் ஷீல்ட்ஸைக் கைவிட்டு, கிட்டத்தட்ட ஒரே அணியாக ஆளுநர் ஜோயல் மாட்டசன் பக்கம் சாய்ந்தார்கள். நெப்ராஸ்கா சட்டத்தைப் பற்றி வெளிப்படையாக ஒரு பக்கம் நிற்காமல் இருந்தவர் அவர். எதிர்ப்பாளர்களிலேயே சிலரை அவர் முன்கூட்டியே தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார் என்பது லிங்கனின் முடிவு. மாட்டசனின் எண்ணிக்கை 44, 46, 47 என்று ஏறியது. இன்னும் மூன்று ஓட்டு விழுந்தால் முடிந்தது. அந்தப் பக்கம் நழுவப் பார்த்தவர்களைப் பிடித்து நிறுத்துவதற்காக லிங்கனின் ஆட்களில் பலர் டிரம்புல்லுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது சுற்று முடிந்தபோது மாட்டசன் 47, டிரம்புல் 35, லிங்கன் 15.

அந்தப் பதினைந்து பேரும் லிங்கன் சொல்லாமல் அசையமாட்டார்கள். என்ன செய்வது என்று கேட்ட நண்பர் ஜோசஃப் கில்லஸ்பியிடம், எனக்காக நிற்காதீர்கள், டிரம்புல்லுக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் என்னையும் இழப்பீர்கள் அவரையும் இழப்பீர்கள் என்றார் லிங்கன். வழக்கறிஞர் தொழிலில் அவருக்குப் பழைய கூட்டாளியான ஸ்டீஃபன் லோகன் அன்று சபையில் அவருக்காக முன்னின்று நடத்தியவர். அந்த ஓட்டுகளை மாற்றித் தர எழுந்தபோது லோகனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பத்தாவது சுற்றில் டிரம்புல் 51, மாட்டசன் 47. ஒரே ஒரு ஓட்டு வேறொருவருக்கு. ஐந்தில் தொடங்கியவர் செனட்டரானார்.

இதை எப்படி ‘தேர்தலில் தோல்வி’ என்று மட்டும் எழுதி முடிப்பது? 44 ஓட்டு வைத்திருந்தவர், ஐந்து ஓட்டு வைத்திருந்தவரை வெற்றி பெற வைத்த நாள் அது. அந்த முடிவை எடுக்க அவருக்கு இருந்த நேரமும் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைப்பட்ட நேரம்தான். அந்த மாதமே எழுதிய இன்னொரு கடிதத்தில், தன் சொந்த விஷயம் ஒன்றுக்காக ஒட்டுமொத்த அரசியல் பலனும் பாழாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று எழுதுகிறார். மாட்டசன் தோற்றதில் கிடைத்த மகிழ்ச்சி, தான் தோற்றதன் வலியை விடப் பெரிது என்றும் எழுதினார். வலி இல்லை என்று அவர் நடிக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கிறது. அன்றிரவு ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த விருந்துக்கும் போய், டிரம்புல்லின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். லிங்கனின் மனைவி மேரியால் அது முடியவில்லை. டிரம்புல்லின் மனைவி ஜூலியா, மேரியின் கல்யாணத்தில் தோழியாக நின்றவர். அந்த நட்பு அதோடு முறிந்தது.

பின்னால் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 1859இல் மாட்டசனின் கால்வாய்ப் பத்திர மோசடி வெளியே வந்தது. ஏற்கெனவே பணம் கொடுத்து மீட்கப்பட்ட பழைய பத்திரங்கள் அவர் மூலமாக மறுபடியும் அரசிடமே வந்து பணமாகியிருந்தன, தொகை இரண்டு லட்சம் டாலருக்கும் மேல். இந்த மனிதர்தான் செனட்டுக்கு மூன்று ஓட்டுத் தொலைவில் நின்றவர். டிரம்புல்லோ செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவராகி, அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தத்தைச் செனட்டில் முன்னெடுத்தார். 1866 குடிமை உரிமைகள் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. லிங்கனுக்கு ஓட்டுப் போட மறுத்த ஐவரில் ஒருவரான ஜட்தான், பின்னர் அவரும் லிங்கனும் சேர்ந்த புதிய குடியரசுக் கட்சியின் 1860 சிகாகோ மாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளராக லிங்கனின் பெயரை முன்மொழிந்தார். பழைய கணக்கை லிங்கன் மனதில் வைத்துக்கொண்டு இவர்களைப் பகைத்திருந்தால் அந்த மாநாட்டில் அவருக்கு யார் பேசியிருப்பார்கள்?

பட்டியலின் 1858 வரியும் இதே கோளாறுடன்தான் இருக்கிறது. அந்த ஆண்டு டக்ளஸை எதிர்த்து லிங்கன் ஏழு ஊர்களில் விவாதம் நடத்தினார். மக்கள் ஓட்டுப் போட்டது சட்டமன்ற உறுப்பினர்களுக்குத்தான். மாநிலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் லிங்கனின் குடியரசுக் கட்சி வேட்பாளர்களுக்கே சற்றுக் கூடுதல் ஓட்டு. தொகுதிகள் பிரிக்கப்பட்டிருந்த விதத்தால் சட்டமன்றம் டக்ளஸ் பக்கம் போய், 1859 ஜனவரி 5 அன்று 54க்கு 46 என்று முடிந்தது. அந்த 46இல் ஒருவர்கூட இந்த முறை அவரை விட்டுப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1855இல் விட்டுக்கொடுத்த மனிதருக்குக் கட்சி செய்த மரியாதை அது. தேர்தலுக்கு முன்பே, 1858 ஜூனில், மாநில மாநாடு அவரைத் தன் ஒரே வேட்பாளர் என்று அறிவித்திருந்தது. அக்காலத்தில் அது வழக்கத்தில் இல்லாத ஒன்று.

விழுந்தாலும் எழுந்திரு என்று பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லதுதான், அதற்கு உதாரணம் லிங்கன் வாழ்வில் வேறு நிறைய உண்டு. மாணவர் பக்கத்தில் இந்தப் பட்டியலை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், 1855க்கு எதிரே அந்த முதல் சுற்றின் எண்களையும் ஒன்பதாவது, பத்தாவது சுற்றுகளின் எண்களையும் தயவுசெய்து அச்சிடுங்கள். 44 எப்படி 15 ஆனது, 5 எப்படி 51 ஆனது என்று பிள்ளைகளே ஆசிரியரிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.