ஐஸ் மேல ஓடுற ஆறு ஏன் வளையுதுன்னு கேட்டியே

டேய் மாப்ள,

நல்லா இருக்கியா. நீ அனுப்பின வீடியோவ நாலஞ்சு தடவ பாத்துட்டன், பென்சி லா கணவாய்க்குக் கீழ அந்த ட்ராங்-ட்ரங் பனியாத்து மேல, அதான் மெதுவா நகருற ஐஸ் பாளத்து மேல, நீலக் கலர்ல ஓடை, நம்ம சின்னாறு மாதிரியே நெளிஞ்சு நெளிஞ்சு போவுது, பின்னாடி உன் குரல் வேற, "வாத்தியாரே, மண்ணே இல்லாத எடத்துல இது ஏன்டா வளையுது"ன்னு. பென்னாகரத்துல ஜியாக்ரபி எடுக்கறவன லடாக்ல வண்டி ஓட்றவன் மடக்கிட்டானேன்னு ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமே போச்சு.

20 வருஷமா நான் போர்டுல வரையறது உனக்குத் தெரியும், வெளிக்கரைய தண்ணி அரிக்கும், உள்கரையில மணல் சேரும், அதான் வளைவு. பனியாத்துல மணலுக்கு எங்க போறது? அங்க அரிக்கறது சூடு. நமக்கு அந்தத் தண்ணி கை விறைக்கிற குளிரு, ஆனா ஐஸுக்கு அது சூடு, பூஜ்யம் டிகிரிக்கு ஒரு துளி மேல இருந்தாலே போதும். வெள்ளை ஐஸ் வெயில திருப்பி அடிச்சுடும், தண்ணி உள்ள வாங்கிக்கும், அதுபோக சரிவுல எறங்குறப்ப உராய்ஞ்சு வர்ற சூடும் கொஞ்சம். திருப்பத்துல வேகமான தண்ணி வெளிப்பக்கம் மோதி அந்தச் சூட்ட அங்கயே கொட்டுது, அந்தப் பக்கம் கூட கரையுது, வளைவு பெருசாவுது. மணல் இல்லாமலே பாடம் நடந்துடுச்சு பாரு, பசங்ககிட்ட இனிமே என்னான்னு சொல்றது.

ஓடை ஆரம்பிக்கற எடத்துல ஓடையே இருக்காது. வெயில் பட்ட மேல் ஐஸ் பொறபொறன்னு ஆயிடும், தண்ணி அதுக்குள்ளயே ஊறி நகரும், அப்புறம் நூல் நூலா கிளம்பி ஒண்ணு சேரும். அங்கங்க குழிப்பணியாரச் சட்டி மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்துச்சா? கருப்புத் தூசி வெயில குடிச்சு, அடியில இருக்கற ஐஸ உருக்கிகிட்டு உள்ள எறங்குனது அது. 1870ல கிரீன்லாந்துல நார்டென்ஷோல்டுன்னு ஒருத்தர் பாத்துட்டு அந்தத் தூசிக்கு கிரையோகொனைட்னு பேர் வச்சாரு.

இதுல எனக்குப் புடிச்ச விஷயம் ஒண்ணு, ஓடைய சுத்தி இருக்கற ஐஸும் சும்மா இருக்கறதில்ல, வெயில்ல அதுவும் எறங்கிகிட்டேதான் இருக்கும். அதவிட வேகமா ஓடை தன்ன வெட்டிக்கினாதான் பள்ளம் நிக்கும், இல்லன்னா தரையோட தரையா அழிஞ்சுபோயிடும். நல்லா ஓடுற ஓடை ஒரு நாள்லயே சில சென்டிமீட்டர் வெட்டிடும்டா! ஒகேனக்கல் பாறைய காவேரி எத்தன காலமா வெட்டிகிட்டு இருக்குது, நாம பரிசல்ல போனதுலருந்து அங்க ஒரு முடி அளவு மாறியிருக்குமா?

குளிர்காலத்துல ஓடை ஒறைஞ்சு, மேல பனி மூடி, மறு வருஷம் சில நேரம் பழைய பள்ளத்தையே புடிச்சுக்கும், சில நேரம் புதுசா வேற வழி. கீழ ஐஸே நகருதுல்ல, எங்கயாவது விரிசல் விட்டு ஓடை அதுல விழுந்துச்சுன்னா கிணறு மாதிரி செங்குத்தா ஓட்டை போட்டு உள்ள போயிடும், மூலான்னு பேரு, பிரெஞ்சுல மில்லுன்னு அர்த்தமாம். அதுக்குக் கீழ இருந்த ஓடை அன்னையோட வறண்டுபோச்சு, மடை மாத்துன வாய்க்கா மாதிரி. கிரீன்லாந்துல 2006 ஜூலையில 5.6 சதுர கிலோமீட்டர் ஏரி ஒண்ணு இப்படி விரிசல் வழியா ஒன்றரை மணி நேரத்துல காலியாயிடுச்சு, நயாகராவவிட வேகம்.

அதனால சொல்றன், டூரிஸ்டுங்கள கூட்டிகிட்டு எறங்குனா காலையில எறங்கு. காலையில தாண்டுன ஓடை சாயங்காலம் வெயில் வேல முடிஞ்சு ரெண்டு மடங்கு வந்து நிக்கும், ராத்திரிதான் கொறையும். அந்த மூலான் ஓட்டை பக்கம் செல்ஃபி எடுக்க எவனாவது போனா காலர புடிச்சு இழு, ஓரம் எல்லாம் வழுக்கும்.

இங்க புளி உலுக்கியாச்சு, வெல சரியில்ல, மண்டிக்காரன் பேசறதே வேற. அம்மா உன்ன கேட்டுகிட்டே இருக்குது. வர்றப்ப அந்தக் காய்ஞ்ச ஆப்ரிகாட் ரெண்டு கிலோ எடுத்துகினு வா, போன தடவ குடுத்தத என் பொண்ணு ஒரே நாள்ல காலி பண்ணிட்டா.

உன்
வாத்தி