அறிவுசார் குறைபாடு உடையோருக்குப் பணித்துணைவர் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவுசார் குறைபாட்டுடனோ ஆட்டிசத்துடனோ வளர்ந்து இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் நம் பிள்ளைகளின் வேலைவாய்ப்பு குறித்தும், வேலையிடத்தில் கூடவே நின்று பழக்கும் பணித்துணைவர்கள் அவர்களுக்கு ஏன் தேவை என்பது குறித்தும், உங்கள் நாளிதழ் வழியாக அரசுக்கும் வாசகர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். சிறப்புப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், பள்ளியை விட்டுப் போன பிறகு அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்விக்கு உறுதி அளிக்கிறது. பதினெட்டு முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போவது என்ற கேள்விக்குப் பெரும்பாலான ஊர்களில் பதில் இல்லை. பணத்தை எண்ணவும் சாலையைக் கடக்கவும் தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும் ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் கற்றுக் கொடுத்தவை, பயன்படுத்த இடமின்றி வீட்டுக்குள்ளேயே சில ஆண்டுகளில் மங்கிப் போகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உடையோர் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆட்டிசம் அந்தக் கணக்கெடுப்பில் தனியாகக் கேட்கப்படவே இல்லை.

சட்டம் இவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1995-ஆம் ஆண்டின் பழைய மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு வேலையில் ஒதுக்கிய மூன்று விழுக்காடு பார்வை, செவித்திறன், உடல் இயக்கம் ஆகிய குறைபாடுகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2016 சட்டம் அதை நான்காக உயர்த்தி, ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து வைத்தது. மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட பணியிடப் பட்டியலிலும் அறிவுசார் குறைபாடு உடையோருக்கு உகந்த பணிகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த வேலைகளுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் எழுத்துத் தேர்வின் வழியாகத்தான். எதில் ஒருவருக்குக் குறை இருக்கிறது என்று அரசு மருத்துவர்களே சான்றிதழ் அளித்தார்களோ, அதையே சோதித்து அவரை வடிகட்டுவது எந்த வகையில் நியாயம்? கோப்புகளை எடுத்துச் செல்லவும் நூலக அலமாரியை ஒழுங்குபடுத்தவும் மருத்துவமனைத் துணிகளை மடித்து அடுக்கவும் ஒருவருக்கு முடியுமா என்பதை, சில வாரம் அந்த வேலையைச் செய்ய வைத்துப் பார்த்தே முடிவு செய்யலாம்.

தனியார் துறைக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஐந்து விழுக்காடு ஊழியர்களை மாற்றுத்திறனாளிகளாக வைத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு ஊக்கம் அளிக்க வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 35-ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளி ஊழியருக்காக முதலாளி செலுத்த வேண்டிய வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பங்கை அரசே ஏற்கும் மத்தியத் திட்டம் 2008-இலேயே வந்துவிட்டது. இருந்தும் நம் ஊர்களில் கடை வைத்திருப்பவர்களையும் பட்டறை நடத்துபவர்களையும் கேட்டுப் பாருங்கள். பணத்தைவிட அவர்களைத் தயங்க வைப்பது வேறொன்று. "நல்ல பையன்தான், ஆனால் பக்கத்திலேயே நின்று சொல்லிக் கொடுக்க எங்களிடம் ஆள் இல்லையே" என்பார்கள். அது உண்மையான தயக்கம். அதற்கான விடைதான் ஜாப் கோச் எனப்படும் பணித்துணைவர்.

பணித்துணைவரின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அவர் முதலில் தனியாகப் போய் அந்தக் கடையிலோ ஆலையிலோ சில நாள் அந்த வேலையைத் தானே செய்து பார்ப்பார். பல்பொருள் அங்காடியில் சரக்கு அடுக்கும் வேலை என்றால், கிடங்கிலிருந்து பெட்டியை எடுத்து வருவது, பழைய சரக்கை முன்னே நகர்த்துவது, காலாவதித் தேதி பார்த்துப் புதியதைப் பின்னே வைப்பது, பெயர் வெளியே தெரியுமாறு திருப்பி வைப்பது என்று அதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக்கொள்வார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவருக்கு அந்தப் படிகளைப் படங்களாக்கி அலமாரி ஓரத்தில் ஒட்டி வைப்பார். பிறகு இளைஞரை அழைத்து வந்து, முதல் சில வாரங்கள் கூடவே நின்று பழக்கி, வேலை கைவரக் கைவர மெல்ல எட்டி நின்று, கடைசியில் மாதம் ஒருமுறை வந்து விசாரித்துச் செல்வார். வீட்டிலிருந்து எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்குவது, பேருந்து வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதும் அவர் பழக்க வேண்டியவைதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால், இந்தப் பயிற்சிக்குச் செலவும் குறைவு.

உடன் வேலை செய்பவர்களையும் அவர்தான் தயார் செய்வார். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள், பலரும் ஏவாமல் ஒருவரே சொல்லுங்கள், ஷிப்டைத் திடீரென்று மாற்றாதீர்கள், ஆட்டிசம் உள்ளவரை இரைச்சல் மிகுந்த இயந்திரத்தின் அருகே உட்கார வைக்காதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிவைப்பார். இவை எதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. அமெரிக்காவில் இத்தகைய துணைக்காக மாநிலங்களுக்கு நிதி வழங்க 1986-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமே வழி செய்தது. நம்மிடமோ பயிற்சி முழுவதும் தொழிற்பயிற்சி மையத்தின் நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடுகிறது. காகித உறையும் மெழுகுவத்தியும் செய்யப் பத்து ஆண்டுகளாகப் பயிற்சி பெற்றுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. கையில் கிடைப்பது ஊதியமன்று, சிறு ஊக்கத்தொகை. அந்த மையங்களை நடத்துவோரின் அர்ப்பணிப்பை நான் மதிக்கிறேன், ஆயினும் பயிற்சி ஒரு நாள் முடிந்து வேலை தொடங்க வேண்டும்.

ஹூப்பள்ளியில் 2017-இல் தொடங்கி, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலும் திறக்கப்பட்ட மிட்டி கஃபே, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் உணவகமாகப் பலரின் மனத்தை மாற்றியிருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். அதேசமயம், திருப்பூர்ப் பனியன் நிறுவனங்களில் பிசிறு வெட்டவும் மடித்துப் பெட்டியில் வைக்கவும், ஓட்டல்களில் காய்கறி நறுக்கவும், நாற்றுப் பண்ணைகளில் பைக்கு மண் நிரப்பவும் நாள்தோறும் ஆள் தேடுகிறார்கள். மற்ற ஊழியர்களோடு கலந்து, அதே ஊதியத்துக்குச் செய்யும் அத்தகைய வேலைகளையே நான் அதிகம் விரும்புகிறேன்.

பெற்றோரின் அச்சங்களையும் அரசு கேட்க வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்குத் தமிழக அரசு மாதந்தோறும் தரும் பராமரிப்பு உதவித்தொகை, பிள்ளை வேலைக்குப் போனால் நின்றுவிடுமோ என்று பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. வேலை நிலைக்குமா என்று தெரியாத நிலையில், கையில் இருப்பதை இழக்க யாருக்கும் மனம் வராது. மத்திய அரசு ஓய்வூதியர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான குடும்ப ஓய்வூதிய வருமான வரம்பு 2021 பிப்ரவரியில் தளர்த்தப்பட்டது. பிள்ளையின் பிற வருமானம் அந்த ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் ஓய்வூதியம் தொடரும். உதவித்தொகை விஷயத்திலும் ஐயத்துக்கு இடமில்லாத ஆணை ஒன்றை மாநில அரசு வெளியிட்டு, அதைச் சிறப்புப் பள்ளிகள்தோறும் ஒட்ட வேண்டும்.

மகளைப் பெற்றவர்களின் அச்சம் இன்னும் ஆழமானது. அதை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது. ஆனால் வீட்டுக்குள் வைத்திருப்பது மட்டும் அவளைக் காத்துவிடாது என்பதையும் அவர்களிடம் பரிவோடு சொல்கிறேன். டீக்கடைக்காரருக்கும் ரேஷன் கடை ஊழியருக்கும் பேருந்து நடத்துநருக்கும் பெயர் தெரிந்த பெண், ஒரு நாள் வராவிட்டால் தேடப்படுவாள். "எங்களுக்குப் பிறகு யார்?" என்று ஒவ்வொரு பெற்றோரும் கேட்கும் கேள்விக்கு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளோர் நலனுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு நியமிக்கும் பாதுகாவலர் ஒரு பகுதி விடையே; மீதி விடை, அந்தப் பிள்ளையை அறிந்த ஓர் ஊர். அந்த ஊரோடு சேர்ப்பதில் வேலைக்கு உள்ள ஆற்றல் வேறு எதற்கும் இல்லை. கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறவும், நூலகத்தில் உறுப்பினராகவும், கிராம சபையில் உட்காரவும் அவர்களை அழைப்பது அடுத்த படி. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கத் தமிழ்நாடு 2025-இல் சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. அந்த இடங்களில் சிலவற்றிலேனும் அறிவுசார் குறைபாடு உடையோர், உதவிக்கு ஒருவரைத் துணையாக வைத்துக்கொண்டேனும், அமர வேண்டும்.

எனவே அரசுக்கு என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் பயிற்சி பெற்ற பணித்துணைவர்களை ஊதியத்துடன் நியமியுங்கள்; முதல் வேலைகளை மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களும் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் அரசு மருத்துவமனைகளும் வழங்கட்டும். அரசு வேலையில் ஒதுக்கப்பட்ட அந்த ஒரு விழுக்காட்டில் அறிவுசார் குறைபாடு உடையோர் எத்தனை பேர், ஆட்டிசம் உள்ளோர் எத்தனை பேர், எந்தத் துறையில், என்ன பணியில் நியமிக்கப்பட்டனர் என்பதைத் தனித்தனியாகப் பிரித்து, ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறப்புப் பள்ளி ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.