சக்கையை வெட்டச் சொல்லிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வட்டாரச் சொல் சேகரிக்கும் மொழியியல் மாணவர்கள் குமரி மாவட்டத்துக்காரர்களிடம் உதவி கேட்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் கேட்கிற முறையிலேயே பாதிச் சொற்கள் நழுவிவிடுகின்றன.

'பலாப்பழத்தை உங்க ஊரில் எப்படிச் சொல்வீங்க?' என்றால் 'பலாப்பழம்' என்றுதான் பதில் வரும். கேள்வியே விடையை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. படித்தவர் முன்னால் ஊர்ப்பேச்சு பேசக் கூச்சமும் உண்டு. பழத்தை முன்னால் வைத்து வெட்டச் சொல்லுங்கள். 'சக்கை' தானாக வரும். சுளை கெட்டியாக இருந்தால் வருக்கை, குழைந்திருந்தால் கூழன், கொட்டை சக்கைக்குரு. நாரையும் பிசினையும் விட்டுவிடாமல் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். பிறகு, 'வேறு எதையெல்லாம் சக்கை என்பீர்கள்?' என்று திருப்பிக் கேளுங்கள். அயனிச்சக்கை (காட்டுப்பலா), கடச்சக்கை (சீமைப்பலா), கயிதச்சக்கை என்று நீளும். கயிதச்சக்கை என்பது அன்னாசி. பலா இனமே அல்ல. கரும்பைப் பிழிந்த மிச்சத்தைத்தான் சக்கை என்று அறிந்த வெளியூர் மாணவருக்கு, இதைக் கேட்காமல் அந்தச் சொல்லின் வீச்சு பிடிபடாது.

உதவுகிறவர்கள் சொல்லோடு ஊர்ப்பெயரையும் எழுத வேண்டும். மாவட்டப் பெயர் மட்டும் போதாது. நம் மாவட்டத்துக்குள்ளேயே தோவாளைப் பேச்சு நெல்லையை ஒட்டியது, விளவங்கோட்டுப் பேச்சு மலையாளத்தை ஒட்டியது. பேசுபவரின் வயது, பிறந்த ஊர், தாயாரின் ஊர் மூன்றும் வேண்டும். கட்டிக்கொடுத்து வந்த பெண்களின் பேச்சில் பிறந்த வீட்டுச் சொல்லும் புகுந்த வீட்டுச் சொல்லும் கலந்திருக்கும்.

வாட்ஸ்அப் குரல் செய்தி ஒலியைச் சுருக்கிவிடும். ழ, ள வேறுபாட்டை நுணுகிப் பார்க்க அது உதவாது. ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். சொல்லைத் தனியாகச் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்து மூன்று முறை சொல்லுங்கள். எழுதி அனுப்பினால், காதில் விழுந்தபடியே எழுதுங்கள். இலக்கணப் பிழை என்று திருத்திவிட்டால் ஆய்வுக்கு வேண்டியதே போய்விடும்.

1956 நவம்பர் 1 வரை நாம் மலையாளம் பெரும்பான்மையாக இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், நம் சொல் எல்லாவற்றையும் 'மலையாளக் கலப்பு' என்று ஒதுக்கும் பழக்கம் இருக்கிறது. இது வருத்தம் தருகிறது. நினைவில்லை என்பதற்கு 'எனக்கு ஓர்மை இல்ல' என்கிறோம். 541ஆம் குறள் 'ஓர்ந்து' என்றுதான் தொடங்குகிறது. ஓர்தல் என்றால் ஆராய்தல், எண்ணுதல். வேர் தமிழிலும் இருக்கும்போது, ஓர்மை மலையாளத்திலிருந்து வந்ததா, இங்கேயே தங்கியதா என்பதை ஆய்வாளர்தான் தோண்டிப் பார்க்க வேண்டும். படிவத்தில் 'எந்த மொழிச் சொல்' என்ற கட்டம் இருந்தால் நாம் காலியாக விட்டுவிடலாம். சொல், வாக்கியம், ஊர் போதும்.

வாசகர்,
மார்த்தாண்டம்