புது டயாட்டத்துக்குப் பெயர் வைக்கும் முன்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அண்டார்க்டிகாவின் டெய்லர் பள்ளத்தாக்கு ஓடையில் எடுத்த பாசிப்படலத்தில் இருப்பது லூட்டிகோலா என்ற டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச்செல் பாசி) பேரினம்தான். புள்ளிகளால் ஆன கோடுகள், நடுவில் ஒரு பக்கமாக ஒதுங்கிய ஸ்டிக்மா என்ற தனித் துளை, எல்லாம் தெளிவு. அதில் ஏற்கெனவே பெயரிட்ட லூட்டிகோலா மியூட்டிகாப்சிஸ் இனத்துடன் ஒத்துப்போகவில்லை என்கிறாய், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அதற்குள் "புதிய இனம்" என்று எழுதிவிட்டாயே!

இரண்டு மூன்று செல்களை வைத்து இனத்தை முடிவுசெய்யாதே. டயாட்டத்தின் சிலிக்கா ஓடு டப்பாவும் மூடியும் போல இரண்டு பாதி. செல் பிரியும்போது ஒவ்வொரு பாதியும் தனக்குள் அடங்கும் பாதியைத்தான் புதிதாகக் கட்டும். அதனால் தலைமுறை தாண்டத் தாண்ட செல்கள் சிறுத்துக்கொண்டே போகும். ஆக்சோஸ்போர் என்ற பெரிதாக வளரும் செல் உருவானால்தான் பழைய அளவு திரும்பும். சிறுக்கும்போது நீளம் வேகமாகக் குறையும், அகலம் அவ்வளவு குறையாது. முனை நீண்டு அழகாக இருந்தது கடைசியில் குட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். இது தெரியாமல் பார்த்தால் ஒரே இனம் இரண்டாகத் தெரியும். பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகப் படம் எடு. நீளம், அகலம், 10 மைக்ரோமீட்டருக்கு எத்தனை கோடுகள் என்று ஒவ்வொன்றிலும் குறித்துவை. பெராக்சைடில் சுத்தம் செய்து நாஃப்ராக்ஸ் பிசினில் பதித்த ஸ்லைடு போதாது, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படமும் வேண்டும்.

அப்புறம் பழைய பெயர்கள். லூட்டிகோலா என்ற பேரினம் 1990-ல்தான் வந்தது. மியூட்டிகாப்சிஸை வான் ஹியூர்க் 1909-ல் விவரித்தபோது அது நவிகுலா என்ற பேரினத்தில் இருந்தது. அண்டார்க்டிகா போய்வந்த பெல்ஜிகா கப்பல் கொண்டுவந்த சேகரிப்பு அது. ஷாக்கிள்டனின் அண்டார்க்டிகா பயணத்தின் நன்னீர்ப் பாசிகளை வெஸ்ட் என்ற தந்தையும் மகனும் 1911-ல் எழுதினார்கள். ஆகவே நவிகுலாவிலும் தேடு. அந்தக்கால வரைபடங்களை மட்டும் நம்பிவிடாதே, முடிந்தவரை டைப் ஸ்லைடையே (பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியை) கேட்டு வாங்கிப் பார்.

இவ்வளவு சொல்வதால் பயந்துபோய் ஏதாவது ஐரோப்பியப் பெயரை ஒட்டிவிடாதே. அது இன்னும் மோசம். நுண்ணுயிர்கள் எங்கும் பரவியிருக்கும் என்று நம்பி, அண்டார்க்டிகாவில் கண்டதற்கெல்லாம் ஐரோப்பியக் கையேட்டில் கிடைத்த பெயரையே வெகுகாலம் வைத்தார்கள். மறுபடி பார்த்தபோது பல இனங்கள் அந்தக் கண்டத்துக்கே உரியவை என்று தெரிந்தது. கோடையில் சில வாரம் பனியாறு உருகினால்தான் அந்த ஓடைகளில் தண்ணீர். மற்ற மாதமெல்லாம் உறைந்து காய்ந்து கிடக்கும் இடத்தில் வாழும் பாசியை, சாயலை மட்டும் பார்த்து ஐரோப்பியக் குளத்துப் பாசி என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாம் பார்த்த பிறகும் எதிலும் அடங்கவில்லை என்றால், சரி, பெயர் வை. விவரிப்பு லத்தீனில்தான் வேண்டும் என்ற விதி 2012 முதல் தளர்ந்துவிட்டது, ஆங்கிலமும் செல்லும். படம் கட்டாயம். டைப் ஸ்லைடை ஒரு பொதுச் சேகரிப்பில் ஒப்படைத்து அதன் எண்ணைக் கட்டுரையில் கொடு. யாரையாவது கௌரவிக்க ஆசை இருக்கும். என்னைக் கேட்டால், ஓட்டில் தெரியும் அடையாளத்தை வைத்துப் பெயரிடு, அடுத்து வருகிறவருக்கு உதவும்.

அளவு வரிசை தயாரானதும் அனுப்பு. ஸ்டிக்மாவின் உட்புறப் படத்தையும் சேர்த்துக்கொள், அதைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்