தெற்கே திரும்பும்போது

அன்புள்ள மகளுக்கு,

நார்வேயின் ட்ரோம்சோவில் நீ எடுத்த துருவ ஒளிப் படத்தை அம்மாவும் நானும் பத்துத் தடவையாவது பார்த்திருப்போம். முதல் நாள் சூரியக் காற்றின், அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களின், வேகம் விநாடிக்கு 600 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் பனியில் நின்றும் ஒன்றுமில்லை. மறுநாள் வெறும் 400, வானமே பச்சையாக ஆடியது, ஏன் அப்பா என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது.

வேகத்தை மட்டும் பார்க்காதேம்மா. நீ வேகம் பார்த்த ஆப்பிலேயே பி-இசட் என்று ஓர் எண் இருக்கும். சூரியக் காற்று தன்னோடு காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தப் புலம் வடக்கே சாய்ந்திருக்கிறதா, தெற்கேயா என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது; மைனஸ் என்றால் தெற்கு. பகல் பக்கத்தில் பூமியின் புலம் வடக்கு நோக்கி இருக்கிறது. வருவதும் வடக்கே பார்த்திருந்தால் காற்று பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். தெற்கே திரும்பினால், எதிரெதிரான காந்தக் கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். பூட்டிய கதவு திறந்த மாதிரி. உள்ளே புகுந்த ஆற்றல் இரவுப் பக்கத்தில் வால் போல நீண்டு கிடக்கும் புலத்தில் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சட்டென்று விடுபடும். அங்கிருந்து முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள்தான் உன் தலைக்கு மேல் இறங்குகின்றன. சூரியனிலிருந்து நேரே வந்து விழுகின்றன என்று வகுப்பில் பல வருடம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அது தப்பு.

உன் படத்தில் பச்சைக்கு மேலே மங்கலாகச் சிவப்பு தெரிகிறது, கவனித்தாயா? இரண்டுமே, அந்த எலக்ட்ரான்கள் மோதி ஆற்றல் பெற்ற ஆக்சிஜன்தான். பச்சை ஒளியை ஓர் அணு ஒரு விநாடிக்குள் விட்டுவிடும். சிவப்புக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். 100 கிலோமீட்டர் உயரத்தில் அதற்குள் வேறொன்று மோதி, அந்த ஆற்றலைப் பறித்துவிடும். 200 கிலோமீட்டருக்கு மேலேதான் அவ்வளவு நேரம் தனியாக இருக்க முடியும். 2024 மே மாதச் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் தெரிந்ததும் சிவப்புதான்.

அந்த பி-இசட் எண்ணை அளக்கும் விண்கலங்கள் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் பக்கமாக நிற்கின்றன. நம் ஆதித்யா-எல்1-உம் அங்கேதான். 400 வேகத்தில் வரும் காற்று அங்கிருந்து பூமியைத் தொட ஒரு மணி நேரம் ஆகும். பி-இசட் மைனஸில் இறங்கி அரை மணி நேரம் அப்படியே நின்றால் கிளம்பு. சாப்பிட்டுவிட்டுப் போகவே நேரம் இருக்கும். படமெடுக்கும்போது கையுறையைக் கழற்றாதே.

அன்புடன்,
அப்பா