கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ரெண்டு நிமிஷப் படமும்

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டாதே, மதுரைக்குப் போய் நல்ல டாக்டராகப் பார். ஸ்டுடியோ மாடியில் இருந்தால் என்ன, வேலைக்கு இருக்கிற பையன் கீழே இறங்கி வந்து கஸ்டமரைப் பார்க்க மாட்டானா? மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். என்னைவிட உன் தங்கச்சிதான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். ரிட்டயர் ஆன பிறகும் வீட்டில் உட்கார முடியவில்லை. பக்கத்துக் கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் போகிறேன். இந்த செமஸ்டரில் ஒரு வேலை கொடுத்தேன்: இன்னும் எடுக்கப்படாத ஒரு திரில்லர் படத்தின் தொடக்கம் மட்டும், டைட்டிலோடு சேர்த்து ரெண்டு நிமிஷம். நாலு பேர் ஒரு குழு. படம், சத்தம் எல்லாம் அவர்களே எடுத்ததாக இருக்க வேண்டும். இசை மட்டும் காப்பிரைட் இல்லாததாக இருந்தால் வெளியிலிருந்து எடுக்கலாம். இது என் சொந்த மூளை இல்லை. பிரிட்டனில் பிளஸ் டூ வயசுப் பிள்ளைகளுக்கு மீடியா ஸ்டடீஸ் பாடத்தில் பல வருஷமாகக் கொடுத்துவந்த வேலை. எனக்கு அதில் பிடித்தது, கதையை முடிக்கவே கூடாது என்பதுதான். நம் பிள்ளைகளைக் குறும்படம் எடுக்கச் சொன்னால் கடைசியில் ஒரு ட்விஸ்ட், ஒரு கருத்து, நன்றி கார்டு என்று வந்து நிற்பார்கள். இதில் அதற்கு இடமே இல்லை.

முதலில் வந்த கதைகளைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். எல்லாவற்றிலும் முதல் பத்து விநாடிக்குள் ஒரு கொலை. ரத்தத்துக்கு ரோஸ்மில்க் எசன்ஸ் போதுமா, குங்குமம் கலக்க வேண்டுமா என்று பெரிய விவாதம். 1960இல் 'சைக்கோ' எடுத்தபோது ஹிட்ச்காக் சாக்லேட் சிரப்பை ஊற்றினார், கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் தப்பித்தார் என்று சொன்னேன். உடனே ஒருவன், "சார், அப்ப நாமளும் பிளாக் அண்ட் ஒயிட்ல எடுத்துடலாம்" என்றான். கொலை இல்லாமல் யோசியுங்கள் என்றால், "'அந்த நாள்' படத்துல எடுத்ததுமே சிவாஜியைச் சுட்டுக் கொன்னுடுறாங்களே, அது மட்டும் ஓகேவா சார்?" என்று மடக்குகிறான் இன்னொருவன். 1954இல் வந்த படத்தை இவன் பார்த்திருக்கிறானே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். ஆனால் அங்கே செத்தது சிவாஜி. அவரையே முதல் காட்சியில் சாகடித்துவிட்டானே, இனி யாரை நம்பிப் படம் பார்ப்பது என்பதுதான் அந்தத் தொடக்கத்தின் அடி. நம் பையனின் படத்தில் சாகப்போவது பக்கத்து வகுப்புப் பையன். யார் பதறப்போகிறார்கள்?

ஒரு குழு மட்டும் வேறு மாதிரி வந்தது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்திதான் டைரக்டர். அதிகம் பேச மாட்டாள், ஆனால் சொன்னதை மாற்றவும் மாட்டாள். கதை இவ்வளவுதான். ராத்திரி, கடை அடைக்கிற நேரம், ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே வேலை பார்க்கிற பெண் மெஷினை ஆஃப் பண்ணப் போகிறாள். மூடியைத் தூக்கினால், யாரோ ஒரிஜினலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எடுத்துப் பார்க்கிறாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் போட்டிருக்கிற தேதி நாளைக்கு!

கேட்டதும் எனக்கு முதுகில் ஜில்லென்றது. தெருவுக்குத் தெரு சுவரில் பார்க்கிற போஸ்டர்தானே, அதை வைத்து இப்படி ஒன்றை யோசிக்க ஒரு பத்தொன்பது வயசுப் பெண் வர வேண்டியிருக்கிறது.

வம்பு போஸ்டர் அடிப்பதில் ஆரம்பித்தது. மூலக்கதைப்படி போஸ்டரில் இருப்பது அந்தக் கடைப்பெண்ணின் முகமேதான். நடிக்கிற பெண்ணின் அம்மா, "என் பிள்ளை போட்டோவைக் கண்ணீர் அஞ்சலியில போடுவீங்களா?" என்று போனிலேயே கத்தித் தீர்த்துவிட்டார். வேறு யாராவது தருவார்களா என்று கேட்டுப் பார்த்தார்கள். கேமராவுக்கு முன்னால் செத்து விழ வகுப்பே தயார், போஸ்டருக்குப் போட்டோ தர ஒருத்தனும் தயாரில்லை. டிடிபி அடிக்கிறவர், "தோற்றம் போடுறேன், மறைவுன்னு நாளைத் தேதி போட மாட்டேன், எனக்கும் குடும்பம் இருக்கு" என்றாராம். என் போட்டோவை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதைக் கேட்ட உன் தங்கச்சி அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போட்ட வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் டைரக்டர் பெண்ணே ஒரு முடிவெடுத்தாள். போஸ்டரை அவளே மொபைலில் டைப் பண்ணி, மாமா கடையில் பிரிண்ட் போட்டாள். முகம் இருக்க வேண்டிய இடம் காலி. அந்த இடத்தில் கடைப்பெண்ணின் கட்டைவிரல். தேதி தெரிகிறது, மாலை தெரிகிறது, முகம் தெரியவில்லை. கடைப்பெண் பார்த்துவிட்டாள், நாம் பார்க்கவில்லை. குழுவுக்குள் பெரிய சண்டை. முகத்தைக் காட்டினால்தானே பயம் என்கிறான் கேமராமேன். ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடி குண்டுக் கதையை அப்போது எடுத்துவிட்டேன். குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் பார்க்கிறவர்களுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. இருப்பது முன்பே தெரிந்தால் பதினைந்து நிமிஷம் தவிப்பு. நாளைத் தேதிதான் இங்கே குண்டு. முகத்தையும் காட்டிவிட்டால் யாருக்கு ஆபத்து என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துபோகும். காசு இருந்து, போட்டோ ஸ்டுடியோவில் நல்ல படமாக எடுத்து ஒட்டியிருந்தால் இந்த ஷாட் கிடைத்திருக்காது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

ஷூட்டிங் விஷயத்துக்கு வருகிறேன், உனக்கு அதுதானே வேண்டும். மொத்தச் செலவு மூவாயிரத்துச் சொச்சம், அதில் பாதி பிரியாணி. ஹாஸ்டலில் ஆறரைக்குள் திரும்ப வேண்டும் என்பதால் ராத்திரி ஷூட்டிங் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குள்ளே போய் ஷட்டரை இழுத்துவிட்டு, வென்டிலேட்டரில் நியூஸ்பேப்பரை ஒட்டினார்கள். ராத்திரி ரெடி. முதலில் எடுத்த ஷாட்டுகளில் டியூப்லைட் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடியது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்கு ஒத்துப்போகிற மாதிரி மொபைல் கேமராவை விநாடிக்கு 25 ஃப்ரேமிலும் கேமரா ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியிலும் வையுங்கள் என்றதும் நின்றது. பிறகு டியூப்லைட்டையே அணைத்துவிட்டார்கள். லைட்டிங் முழுக்க ஜெராக்ஸ் மெஷின்தான்! மூடியைத் திறந்து வைத்து பட்டனை அமுக்கினால் அந்த வெளிச்சக் கோடு முகத்தில் ஊர்ந்து போகிறது. நீ சன்கன் லைட்டை நேராகக் கண்ணில் அடித்துக் கல்யாணப் பெண்களை அழவைத்த ஆள், இதைப் பார்த்தால் வெட்கப்படுவாய்.

அதிலும் ஒரு சிக்கல். பழைய மெஷினில் பத்து காப்பி போட்டால் வெளிச்சமும் பத்து தடவை ஓடும். இப்போதைய டிஜிட்டல் மெஷின் ஒரு தடவை ஸ்கேன் பண்ணி மெமரியில் வைத்துக்கொண்டு காப்பிகளைத் தள்ளிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் ஒருத்தன் குனிந்து உட்கார்ந்து பட்டனை அமுக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் அச்சான பழைய தாளைப் போட்டு ஓட்டினார்கள். அப்படி வெளியே வந்த தாள்களைப் பார்த்துத்தான் டைட்டில் கார்டு யோசனை வந்தது. நடிகர், ஒளிப்பதிவு, இயக்கம் எல்லாம் ஜெராக்ஸ் தாளிலேயே ஒவ்வொன்றாக ட்ரேயில் வந்து விழுகிறது.

சத்தத்தில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். கலங்கலான படத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், கலங்கலான சத்தத்தைக் கேட்டதும் இது பசங்க எடுத்த படம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். ஷட்டர் போட்ட கடைக்குள் வேர்த்து ஊற்றியது. நடித்த பெண்ணின் நெற்றி வேர்வைக்கு மேக்கப் தேவைப்படவில்லை. பக்கத்து ஜூஸ் கடை ஃப்ரிட்ஜ் உர்ரென்றது. கடைக்காரரிடம் கெஞ்சி அணைத்தார்கள். யாரும் பேசாமல், அசையாமல், அந்த அறையின் வெறும் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் தனியாகப் பதிவு பண்ண வைத்தேன். எடிட்டிங்கில் கட்டுக்குக் கட்டு சத்தம் மாறுகிற இடங்களையெல்லாம் அதை வைத்துத்தான் மூடினார்கள். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் காலர் மைக்கை ஒட்டிவைத்து எடுத்து, டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரில் வேகத்தைக் குறைத்தான் எடிட்டர் பையன். அதுதான் பின்னணி இசை. சாஃப்ட்வேரும் இலவசம்.

இப்போது பாக்கி இருக்கிற சண்டை கடைசி நாலு விநாடி. விரல் ஷாட்டோடு கட் பண்ணி டைட்டில் போட வேண்டும் என்கிறாள் டைரக்டர். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டுகிற சத்தம் வர வேண்டும் என்கிறான் எடிட்டர். நான் அவள் பக்கம். தட்டுகிற சத்தம் நூறு படத்தில் கேட்டது. ஆனால் எடிட்டர் போட்டுக் காட்டியபோது வகுப்பில் ரெண்டு பேர் துள்ளினார்கள், அதையும் மறைக்கக் கூடாது. முப்பது வருஷம் வீடியோ வெட்டி ஒட்டியவன் நீ. ரெண்டு வெர்ஷனையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், எது சரி என்று எழுது. சனிக்கிழமைக்குள் சொன்னால் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும்.

ஒன்று மட்டும். ஹெட்போன் போட்டுப் பார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மொபைல் ஸ்பீக்கரில் ஓட்டிவிட்டு, "ஒண்ணும் கேக்கலையேடா" என்று எழுதினால் அந்தப் பெண்ணிடம் உன் நம்பரைக் கொடுத்துவிடுவேன்.

உன் வீட்டில் என் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய ரூம்மேட்