பெண்கள் கழிப்பறையின் பூட்டைத் திறந்துவிடுங்கள்

எங்கள் ஊர் மைதானத்தைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மைதானத்தில் பூட்டியே கிடக்கும் பெண்கள் கழிப்பறையைப் பற்றித்தான் எழுதுகிறேன், அது உங்களுக்கும் தெரியும். அதைத் திறக்கக் கேட்ட மனுக்கள் உங்களிடம் இருக்கின்றன. பளு தூக்கும் பயிற்சிக்கு வரும் ஒரு பெண்ணின் அம்மா நான். போன வாரம் நேரில் வந்து கேட்டபோது கிடைத்த பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது: "வர்றதே நாலஞ்சு பொண்ணுங்க, அதுக்குன்னு தனியா எதுக்கும்மா திறந்து வைக்கணும்?"

அந்த நாலைந்து பெண்களும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெக்கையில் எடையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார்கள். "தண்ணி குடிங்க" என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பாட்டில் நிரம்பியபடியே வீடு திரும்புகிறது. தொடையில் தசை பிடித்துக்கொண்டு என் மகள் எழ முடியாமல் உட்கார்ந்த அன்றுதான் எனக்குக் காரணமே தெரிந்தது. மாதவிடாய் நாட்களில் இந்தப் பெண்கள் பயிற்சிக்கே வருவதில்லை. மைதானத்துக்கு எதிர்வீட்டு அம்மா நல்லவர், அவசரத்துக்கு உள்ளே விடுகிறார். மக்கள் பணத்தில் கட்டிய கழிப்பறை கண்ணெதிரே பூட்டிக் கிடக்க, எத்தனை நாளைக்கு அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்?

பெண்கள் நிறைய வந்தால் திறக்கலாம் என்கிறீர்கள். திறந்தால்தானே ஐயா வருவார்கள்! ஒலிம்பிக் குதிரையேற்றம் நெடுங்காலம் ராணுவ அதிகாரிகளின் ஆட்டமாகவே இருந்தது. 1952 ஹெல்சின்கியில்தான், பழக்கிய குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் பெண்களையும் சேர்த்தார்கள். அந்த முதல் தடவையே டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், ஆண்களோடு நேருக்கு நேர் மோதி வெள்ளி வென்றார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். குதிரை மேல் ஏறவே ஆள் துணை வேண்டும். பெண்கள் பளு தூக்குதல் 2000 சிட்னியில் சேர்ந்தது. அங்கேயே கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வாங்கினார். இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. பெண்கள் குத்துச்சண்டை 2012 லண்டனில் வந்தது, மேரி கோம் வெண்கலத்தோடு திரும்பினார். கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்தால் இவர்களில் யாருக்கு மேடை கிடைத்திருக்கும்?

நம் வேலூர் சத்துவாச்சாரியின் பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014லும் 2018லும் காமன்வெல்த் தங்கம் வென்றபோது நாங்களும் பூரித்துப் போனோம். பளு தூக்குதல் எங்கள் ஊர் விளையாட்டு. அதில் எங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பங்கில்லையா? 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிரெஸ்ஸாஜ் தங்கம் வென்ற இந்திய அணி நால்வரில் இருவர் பெண்கள். அதைப் பார்த்துவிட்டு என் சின்னவள், "நான் எங்கம்மா குதிரை ஓட்டக் கத்துக்கிறது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மகளிர் தினத்தன்று மேடை போட்டுப் பெண்கள் சாதிக்க வேண்டும் என்று பேசுகிறீர்கள். மறுநாள் காலை அதே பெண்கள் அதே பூட்டைப் பார்க்கிறார்கள். கோபம் வருகிறது ஐயா.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். காலைப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே பெண்கள் கழிப்பறையைத் திறந்து, மாலை கடைசிப் பெண் கிளம்பும்வரை திறந்து வையுங்கள். உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கட்டும். நாப்கின் போட ஒரு மூடிய தொட்டி வேண்டும். சாவியைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து, அவர் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். துப்புரவுக்கு ஆள் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள், பெற்றோர்கள் உட்கார்ந்து பேசுகிறோம். எந்தத் தேதியிலிருந்து திறக்கும் என்று எழுத்தில் பதில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பயிற்சிக்கு வரும் பெண் ஒருத்தியின் அம்மா,
வேலூர்